இலைச்சாறும் உப்புத் தண்ணீரும்

லேக் மார்க்கெட்டில் வாழைக்காய் வாங்க வருகிறவர்கள் இரண்டு ரகம். வறுவலுக்கும் பஜ்ஜிக்கும் வாங்குகிற தமிழர்கள் ஒரு ரகம். வீட்டில் யாருக்கோ வயிறு சரியில்லை என்று வாங்குகிற வங்காளிகள் இன்னொரு ரகம். 'காஞ்ச்கலா' என்று அவர்கள் சொல்லும் இந்தக் காயைக் குழைய வேகவைத்து, மிளகாய் போடாமல் நீர்க்கக் குழம்பு வைத்துக் கொடுப்பார்கள். (வாழைக்காயில் வங்காளிகள் பிரமாதமான கோஃப்தாவும் செய்வார்கள் என்பது வேறு விஷயம்.)

பழைய மார்க்கெட் இருந்த இடத்தில் இப்போது லேக் மால் நிற்கிறது. ஆனாலும் சுற்றுவட்டாரத்தில் வாழையிலை, முருங்கைக்காய், கறிவேப்பிலை, தேங்காய், காப்பிப் பொடி, தொடுத்த பூ எல்லாம் கிடைக்கின்றன. டல்ஹௌசி ஆபீஸ்களில் டைப் அடிக்கவும் கணக்கு எழுதவும் வந்த தமிழர்கள், ராஷ்பிஹாரி அவென்யூவை ஒட்டி இங்கே குடியேறியதால் வந்த கடைகள் இவை. அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள். மிச்சமிருக்கும் சில வீடுகளில் மருமகள்கள் வங்காளிகள்.

ஜனக் ரோட்டுக்குப் பக்கத்தில் மூன்றாவது மாடியில் இருப்பது அப்படி ஒரு வீடு. வீட்டின் மூத்தவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. அக்கம்பக்கத்துத் தமிழர்களுக்கு அவர் 'மாமி', வங்காளிகளுக்கு 'மாஷிமா'. பேரன் கம்ப்யூட்டர் வேலை. பேரனின் மனைவி வங்காளிப் பெண். மாமியாரிடமும் மாமியாரின் மாமியாரிடமும் கற்ற தமிழில் திணறாமல் பேசுகிறார். பத்து மாதத்தில் ஒரு பையன். போன குளிர்காலத்தில் ஒரு நாள், பையனுக்கு மாலையிலிருந்து வாந்தி. ராத்திரி எட்டு மணிக்குள் தண்ணீர் தண்ணீராக ஆறு முறை போய்விட்டான்.

வீட்டில் அப்போது மூன்று வைத்தியங்கள் தயாராக இருந்தன. பெண்ணின் கையில் வாழைக்காய். பேரன் கடையிலிருந்து ஓடிப்போய் வாங்கி வந்த ஒரு அட்டை டப்பா 'எலக்ட்ரோலைட்' பானம், ஆப்பிள் ருசியில். மாமியிடம் பால்கனித் தொட்டியில் கற்பூரவல்லி. சில ஊர்களில் ஓமவல்லி என்பார்கள். பஞ்சுபோல் மயிர் அடர்ந்த தடித்த இலை, கசக்கினால் ஓம வாசனை. சளிக்கும் வயிற்றுக்கும் அதை இடித்துச் சாறு எடுத்து, அனலில் வாட்டி, தேனில் குழைத்துக் கொடுப்பது தமிழ்நாட்டுக் கைவைத்தியம்.

எல்லாப் பாட்டிகளையும் போல மாமியும் இலையைப் பறித்துக்கொண்டு அடுப்படிக்குப் போவார் என்றுதான் பெண் எதிர்பார்த்தார். மாமி தொட்டிப் பக்கமே போகவில்லை. பீரோவைத் திறந்து ஓஆர்எஸ் பாக்கெட் ஒன்றை எடுத்தார். எப்போதும் நான்கைந்து வைத்திருப்பார், தேதி பார்த்து மாற்றுவார். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் பாக்கெட் முழுவதையும் கொட்டிக் கலக்கினார். "ஸ்பூன் கொண்டா" என்றார். "நிமிஷத்துக்கு ஒண்ணு. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டுட்டு மறுபடி. நிறுத்தப்படாது."

இந்த 'நிறுத்தப்படாது' என்ற வார்த்தைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

மாமி 1963இல் கும்பகோணம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். 1966இல் முதல் பிள்ளை. 1968 ஜனவரியில், பொங்கலுக்கு நான்கு நாள் முன்னால், அந்தப் பிள்ளைக்கு வாந்தியும் பேதியும் ஆரம்பித்தன. மாமியார் உரைகல்லை எடுத்து மாசிக்காயும் ஜாதிக்காயும் உரைத்து நாக்கில் தடவினார். தெருவிலிருந்த டாக்டர் வந்தார். அவரும் அந்தக் காலத்து டாக்டர்கள் பலர் சொன்னதைத்தான் சொன்னார்: வயிற்றுக்கு ஓய்வு கொடுங்கள், ஒரு நாள் ஒன்றும் கொடுக்காதீர்கள், தண்ணீர்கூட வேண்டாம். நாட்டு வைத்தியமும் இங்கிலீஷ் வைத்தியமும் அந்த வீட்டில் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். உள்ளே போவதெல்லாம் வெளியே வருகிறது, ஆகவே உள்ளே எதையும் விடாதே. கேட்பதற்கு நியாயமாகத்தானே இருக்கிறது?

"கூஜாவைப் பார்த்துண்டே இருந்தான்" என்கிறார் மாமி. "கையை நீட்டினான். நான் கூஜாவை உள்ளே கொண்டுபோய் வெச்சுட்டேன்."

மூன்றாம் நாள் காலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனபோது ஊசி போட நரம்பு அகப்படவில்லை. அதற்கு மேல் மாமி இதைப் பற்றிப் பேசுவதில்லை.

என்ன வியாதி அது? இன்று சொல்வதற்கு வழியில்லை. கொல்கத்தா குளிர்காலம், இரண்டு வயதுக்குள் குழந்தை, முதலில் வாந்தி, பிறகு ரத்தமோ சீதமோ இல்லாத வெறும் தண்ணீர். இந்த அடையாளங்கள் ரோட்டா வைரஸுக்குப் பொருந்துகின்றன. ஆனால் 1968இல் அந்தப் பெயரே கிடையாது. 1973இல்தான் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப்பும் அவருடைய சகாக்களும் நோயுற்ற குழந்தைகளின் குடல் திசுவை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்து இந்த வைரஸைக் கண்டுபிடித்தார்கள். சக்கரம்போல இருந்ததால் லத்தீனில் சக்கரத்தைக் குறிக்கும் 'ரோட்டா' பெயரானது. அதற்கு மேலும் நாற்பது ஆண்டுகள் கழித்து, 2013ஆம் ஆண்டு கணக்கில்கூட, ஐந்து வயதுக்கு உட்பட்ட சுமார் 2 லட்சத்து 15 ஆயிரம் குழந்தைகள் உலகம் முழுவதும் இதற்குப் பலியானதாக மதிப்பிடப்பட்டது. அதில் சுமார் 47 ஆயிரம் பேர் இந்தியக் குழந்தைகள்.

மாமியின் பேரன் 2022 அக்டோபரில் ஒரு நாள் பேப்பரைப் படித்துக் காட்டினான். டாக்டர் திலீப் மஹலானபிஸ் கொல்கத்தாவில் காலமானார் என்ற செய்தி. 1971இல் வங்கதேச யுத்தத்தின்போது லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி வந்து, பன்காவ் முகாமில் காலரா பரவியது. ரத்த நாளத்தில் ஏற்ற வேண்டிய சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. ஆஸ்பத்திரித் தரையில் வாந்தியும் மலமுமாகக் கிடந்த நோயாளிகளுக்கு நடுவில் மண்டியிட்டுத்தான் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. குழந்தை வைத்தியத்தில் தேர்ந்த மஹலானபிஸ் துணிந்து ஒரு முடிவு எடுத்தார். லிட்டருக்கு 22 கிராம் குளுகோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. இதைக் கொல்கத்தாவில் பொட்டலம் கட்டி எடுத்துப்போய், முகாமில் டிரம்களில் கலக்கி, சொந்தக்காரர்களையே மொண்டு குடிக்கவைக்கச் சொன்னார். முகாமில் காலராவால் 30 சதவிகிதம்வரை இருந்த சாவு, அவர் குழுவினர் கவனித்த 3,700க்கும் மேற்பட்ட நோயாளிகளிடையே 3.6 சதவிகிதமாக இறங்கியது. அவர் இறந்த மறு வருஷம் 2023இல் பத்ம விபூஷண் வந்தது. அரசாங்க விருதுகள் வழக்கமாக வரும் நேரம்தான் அது.

மாமி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எந்த வருஷம்னே?" என்றார்.

"எழுபத்தொண்ணு."

"மூணு வருஷம்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்விட்டார்.

மூன்று வருஷம் என்பதும் முழுக் கணக்கு அல்ல. மாமி பிள்ளையைப் பறிகொடுத்த அதே 1968இல், முன்னூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் டாக்காவில், டேவிட் நலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் அமெரிக்க டாக்டர்கள், வாய்வழியாகக் கொடுக்கும் குளுகோஸ் உப்புநீர் காலரா நோயாளிகளைக் காக்கும் என்று நிரூபித்து எழுதினார்கள். ஏன் காக்கும் என்பதற்கான சூத்திரத்தை 1960லேயே ராபர்ட் கிரேன் பிராக் நகரில் ஒரு கருத்தரங்கில் சொல்லியாகிவிட்டது. குடலின் சுவரில் சோடியமும் குளுகோஸும் கைகோத்துக்கொண்டு உள்ளே நுழைய ஒரு வாசல் இருக்கிறது. அவை போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும். பேதியின்போது மற்ற வழிகள் கெட்டுப்போனாலும் இந்த வாசல் பெரும்பாலும் திறந்தே இருக்கிறது. சர்க்கரை கூடினால் மட்டும் காரியம் கெடும். குடலில் தங்கும் சர்க்கரை தண்ணீரை வெளியே இழுக்கும், பேதி அதிகமாகும். பேரன் வாங்கி வந்த ஆப்பிள் ருசி டப்பாவை மாமி திறக்கவிடாததற்கு இதுதான் காரணம். சரியான கலவை இல்லாத இனிப்புப் பானங்கள் 'ஓஆர்எஸ்' என்ற எழுத்துகளைப் பெயரில் போட்டுக்கொள்வதை, உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் ஒரேயடியாகத் தடுத்தது.

இதற்கெல்லாம் முன்னால், 1953இல், இதே கொல்கத்தாவில் இன்னொருவர் இருந்தார். டாக்டர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி. இவரைப் பற்றி மாமிக்குச் சொன்னவர், பையனை மறுநாள் காட்டியபோது பார்த்த குழந்தை டாக்டர். லேக் மார்க்கெட்டில் நெடுங்காலமாக இருப்பவர். வயதான வங்காளி. மாமி தயங்கித் தயங்கி, முந்தானையில் முடிந்து வைத்திருந்த இரண்டு கற்பூரவல்லி இலைகளை எடுத்து மேஜைமேல் வைத்து, இதைக் கொடுக்கலாமா என்று கேட்டார். டாக்டர் முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "பாத்தர்சூர்! மாஷிமா, இது லான்செட்டில் வந்த இலை" என்றார்.

உண்மைதான். லண்டனிலிருந்து வரும் புகழ்பெற்ற அந்த மருத்துவப் பத்திரிகையில் 1953 நவம்பரில் சட்டர்ஜி ஒரு கட்டுரை எழுதினார். காலரா கண்ட 186 பேருக்கு அவர் முதலில் வாந்தியை நிறுத்த மாத்திரை கொடுத்தார். பேதியைக் குறைக்கக் கோலியஸ் அரோமாட்டிக்கஸ், அதாவது கற்பூரவல்லி, இலைச்சாறு கொடுத்தார். கூடவே லிட்டருக்கு 4 கிராம் உப்பும் 25 கிராம் குளுகோஸும் கரைத்த தண்ணீரை வாய்வழியாகக் கொடுத்தார். நல்ல பலன். மஹலானபிஸின் பொட்டலத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது இந்த அளவு என்று பாருங்கள். பதினெட்டு வருஷங்களுக்கு முன்னால்!

உலகம் அதைக் கவனிக்கவில்லை. கறுப்புத் தோல்காரன் எழுதினால் யார் படிப்பார்கள் என்று நாம் உடனே கோபப்படலாம். அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. ஆனால் அது மட்டுமல்ல காரணம். சட்டர்ஜி ஒரே நோயாளிக்கு மாத்திரை, இலைச்சாறு, உப்புநீர் மூன்றையும் கொடுத்தார். ஒப்பிட்டுப் பார்க்க, இலைச்சாறு இல்லாத ஒரு கூட்டம், உப்புநீர் இல்லாத ஒரு கூட்டம் என்று பிரித்துவைக்கவில்லை. பிழைத்தது இலையாலா, தண்ணீராலா என்று படித்தவனுக்குத் தெரியாது. ஏன் வேலை செய்கிறது என்ற விளக்கமும் அப்போது யாரிடமும் இல்லை. அந்தத் தம்ளரில் இருந்த இரண்டில் எது உயிரைக் காத்தது என்பது நமக்கு இன்று தெரிகிறது. இலை என்ன செய்தது என்பதுதான் இன்னும் பாக்கியிருக்கிற கேள்வி.

நம் கைவைத்தியங்களைப் பற்றிய சண்டை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடம் மாறுகிறது. இலையைத் தெய்வமாக்குகிறவர்களும் சரி, குப்பை என்கிறவர்களும் சரி, இலையைத் தண்ணீரிலிருந்து பிரித்துப் பார்ப்பதில்லை. சோதனைச்சாலைகளில் கொஞ்சம் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். கற்பூரவல்லிக்கு அந்த வாசனையைத் தருபவற்றில் ஒன்று கார்வக்ரால் என்ற எண்ணெய்ப் பொருள். 2014இல் அமெரிக்காவின் அரிசோனாவில் இதை எலிகளைத் தாக்கும் நோரோ வைரஸின்மேல் சோதித்தார்கள். மனிதர்களுக்கு வாந்திபேதி கொடுக்கும் நோரோ வைரஸின் ஒன்றுவிட்ட சகோதரன் அது. கார்வக்ரால் அதன் மேலுறையைச் சிதைத்துச் செயலிழக்கச் செய்தது. செய்தி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது கண்ணாடிக் குழாய். குழந்தையின் குடலுக்குள் நுழைந்து செல்களுக்குள் உட்கார்ந்துவிட்ட வைரஸிடம் இரண்டு இலைச் சாறு என்ன செய்யும் என்பதற்கு அது பதில் ஆகாது.

வில்வக் காயின் கதையும் ஏறக்குறைய இதுதான். வங்காளிகள் பச்சை 'பேல்' காயைச் சுட்டுக் கொடுப்பார்கள். நம் சித்த, ஆயுர்வேத வைத்தியர்களும் பழுக்காத காயைத்தான் பேதிக்குச் சொல்கிறார்கள். 2009இல் மும்பையின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு ஒன்று வில்வக் காய்க் கஷாயத்தைச் சோதித்தபோது, அது ரோட்டா வைரஸைச் சோதனைச்சாலையில் கொன்றது. பேதி உண்டாக்கும் பாக்டீரியாக்கள் எதையும் கொல்லவில்லை, செல்களில் அவை ஒட்டுவதைக் குறைத்தது. கஷாயம் என்றால் கிருமிநாசினி என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எந்தப் பேதிக்கு எந்த இலை என்பது பேதியின் காரணத்தைப் பொறுத்தது. கொல்கத்தா டிராபிகல் மெடிசின் பள்ளியில் ராம்நாத் சோப்ரா ஆராய்ந்த குடசப்பாலைப் பட்டை அமீபா சீதபேதிக்கானது. அதை வைரஸ் பேதிக் குழந்தைக்குக் கொடுத்தால், கசப்பைத் தவிர வேறு என்ன கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது?

குழந்தைகளிடமே செய்த சோதனை என்று பார்த்தால், கையில் இருப்பது கொஞ்சம்தான். அதில் குறிப்பிடத்தக்கது ரஷ்யாவில் நடந்தது. ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்த டார்மென்டில் என்ற செடியின் வேர்ச் சாற்றை, ரோட்டா வைரஸ் பேதியோடு வந்த 40 குழந்தைகளில் ஒரு பாதிக்குக் கொடுத்தார்கள். மறு பாதிக்கு வெறும் போலி மருந்து. யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. வேர்ச் சாறு பெற்றவர்களுக்குப் பேதி சராசரியாக மூன்று நாளில் நின்றது, மற்றவர்களுக்கு ஐந்து நாள் ஆயிற்று. 2003இல் வெளிவந்தது இது. சட்டர்ஜி பிரிக்காமல் விட்டதை இங்கே பிரித்தார்கள் என்பதுதான் இதன் மதிப்பு. ஆனால் நாற்பது குழந்தைகள் போதாது. நூற்றுக்கணக்கில் செய்து பார்த்த பிறகுதான் மருந்து என்று பேர் சொல்ல முடியும்.

டார்மென்டில் வேரில் மிகுதியாக இருப்பது துவர்ப்புப் பொருளான டானின். மாமியின் மாமியார் உரைத்த மாசிக்காயிலும், மாதுளை ஓட்டிலும், கடுக்காயிலும் இருப்பது இந்த டானின் வகைதான். ரோட்டா வைரஸ் குடலில் ஒரு நச்சுப் புரதத்தை உண்டாக்குகிறது என்று 1996இல் ஹூஸ்டன் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அது குளோரைடு வெளியேறும் மடைகளைத் திறந்துவிடுகிறது. உப்பு போகும் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. துவர்ப்புப் பொருள்கள் சில இந்த மடைகளை அடைக்கின்றன. தென்னமெரிக்கக் காட்டு மரம் ஒன்றின் ரத்தச் சிவப்புப் பாலிலிருந்து எடுத்த குரோஃபெலமர் என்ற மருந்து இப்படித்தான் வேலை செய்கிறது. அமெரிக்காவில் 2012இல் அதற்கு அனுமதி கிடைத்தது. ஆனால் எய்ட்ஸ் கிருமிக்கு மருந்து சாப்பிடும் பெரியவர்களின் பேதிக்காக, குழந்தைகளின் வைரஸ் பேதிக்காக அல்ல.

ஆக, உரைகல்லின் பக்கம் ஓரளவு உண்மை இருந்திருக்கலாம். அந்த 1968 ஜனவரியில் மாசிக்காய் அந்தப் பிள்ளைக்குத் தீங்கு செய்தது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. தீங்கு செய்தது உள்ளே கொண்டுபோய் வைக்கப்பட்ட கூஜா.

எல்லா உரைமருந்தும் நிரபராதி அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 'பிள்ளை வளர்ப்பான்' என்று செல்லமாக அழைக்கப்படும் வசம்பில் இருக்கும் ஆசரோன் என்ற பொருள் எலிகளுக்குப் புற்றுநோய் கொடுத்ததால், அமெரிக்கா 1968லேயே அதை உணவில் தடை செய்தது. அபினும் கசகசாத் தோலும் பேதியை நிறுத்தும் என்பது உண்மை. குடலின் அசைவை நிறுத்தித்தான் நிறுத்தும். உள்ளே தண்ணீர் தேங்கும், வெளியே தெரியாது, குழந்தை உலர்ந்துகொண்டே போகும். இது நாட்டு வைத்தியத்தின் குற்றம் மட்டுமல்ல. அதே வேலையைச் செய்யும் இங்கிலீஷ் மருந்தான லோபெரமைடைச் சொட்டு மருந்தாகக் கொடுத்துக் குழந்தைகள் இறந்துபோய், 1990இல் பாகிஸ்தானில் அதைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. பேதி நின்றுவிட்டது என்பதும் குழந்தை பிழைத்துவிட்டது என்பதும் ஒன்றல்ல.

வாழைக்காய்க்கு வருவோம். வங்காளிப் பெண்ணின் கையிலிருந்த காய்தான் இந்த மூன்றிலும் அதிக மதிப்பெண் வாங்குகிறது. டாக்காவில் 2001இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், இரண்டு வாரத்துக்கு மேல் பேதி நிற்காத 62 ஆண் குழந்தைகளை மூன்று பிரிவாக்கினார்கள். வெறும் அரிசிக் கஞ்சி குடித்தவர்களில் மூன்றாம் நாள் தேறியவர்கள் 15 சதவிகிதம். கஞ்சியில் வேகவைத்த வாழைக்காய் சேர்த்தவர்களில் 59 சதவிகிதம். இதற்கான காரணத்துக்கு வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் டாக்டர் பி.எஸ்.ராமகிருஷ்ணா குழுவினர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட வேலை வெளிச்சம் தருகிறது. சில வகை மாவுச்சத்து சிறுகுடலில் ஜீரணமாகாமல் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. அவை பெருங்குடலை உப்பையும் தண்ணீரையும் உறிஞ்சவைக்கின்றன. வேலூரில் அப்படிப்பட்ட மக்காச்சோள மாவை ஓஆர்எஸ்ஸில் கலந்து காலரா நோயாளிகளுக்குக் கொடுத்தபோது பேதி சீக்கிரம் நின்றது. வாழைக்காயில் இருப்பதும் அந்த வகை மாவுதான். டாக்கா சோதனை நாள்பட்ட பேதிக்கானது, நேற்று ஆரம்பித்த வைரஸ் பேதிக்கானது அல்ல என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனால் வாழைக்காய் குழந்தைக்குச் சாப்பாடு. பலன் கொஞ்சமோ அதிகமோ, பட்டினி போடவில்லை. தாய்ப்பாலையும் சாதத்தையும் நிறுத்தாதீர்கள் என்றுதான் இன்றைய டாக்டர்களும் சொல்கிறார்கள்.

டாக்டர் அன்று எழுதிக்கொடுத்த சீட்டில் இரண்டே வரி இருந்தது. ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி ஓஆர்எஸ். தினம் 20 மில்லிகிராம் துத்தநாகம், பதினான்கு நாள். உலக சுகாதார நிறுவனம் 2004இல் இருந்து சொல்லிவருவது இது. தடுப்பு மருந்து போட்டீர்களா என்று கேட்டார். மூன்று முறை போட்டாயிற்று. டெல்லியில் எண்பதுகளில் எம்.கே.பான் ஒரு குழந்தையிடமிருந்து பிரித்தெடுத்த வைரஸ் வகையிலிருந்து உருவான ரோட்டாவாக், 2016இல் நான்கு மாநிலங்களில் அரசுத் திட்டத்துக்குள் வந்தது. வேலூரும் அதன் கடைசிக் கட்டச் சோதனை நடந்த மூன்று இடங்களில் ஒன்று. முதல் வருஷத்தில் கடுமையான ரோட்டா பேதியைச் சுமார் 56 சதவிகிதம் தடுத்தது அது. முழுக் கவசம் அல்ல. தடுப்பு மருந்து போட்டும் பேதி வந்தால் மருந்து பொய் என்று ஆகாது. போடாமல் இருந்தால் எப்படி வந்திருக்கும் என்பதுதான் கேள்வி.

கற்பூரவல்லியைப் பற்றி டாக்டர் என்ன சொன்னார்? "மாஷிமா, சட்டர்ஜி பாபு இலையோடு தண்ணீர் கொடுத்தார். நீங்கள் தண்ணீரைக் கொடுங்கள். பத்து மாதக் குழந்தைக்கு இலை வேண்டாம், தேன் கூடவே கூடாது. பெரியவனானதும் இலையைக் கொடுங்கள்." தேன் கூடாது என்பது மாமிக்குப் புதிய செய்தி. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் அதிலிருக்கும் ஒருவகைக் கிருமியால் பக்கவாதம்போல் வரும் அபாயம் உண்டு. மாமி தலையாட்டிக்கொண்டார். இலைகளைத் திரும்ப முந்தானையில் முடிந்துகொண்டார்.

இதெல்லாம் மறுநாள். அதற்கு முந்தைய ராத்திரி எப்படிக் கழிந்தது என்று பெண்தான் சொல்கிறார். பதினொரு மணிக்குக் குழந்தையின் கண் உள்வாங்கியதுபோல் தெரிந்தது. அழுதால் கண்ணீர் கொஞ்சமாகத்தான் வந்தது. கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்றான் பேரன். அவன் சொன்னது தப்பல்ல. குழந்தை துவண்டுபோனாலோ, குடிக்க மறுத்தாலோ, ஆறு மணி நேரம் மூத்திரம் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. மாமி வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். உடனே படிந்தது. ஸ்பூனை நீட்டினார். பையன் ஸ்பூனைக் கவ்விக்கொண்டான்.

"தாகம் இருக்கு. குடிக்கறான். காரை வரச் சொல்லி வாசல்ல நிறுத்து. இவன் குடிக்கறதை நிறுத்தினா அந்த நிமிஷம் கிளம்பலாம்" என்றார்.

கார் ஒரு மணிவரை வாசலில் நின்றது. பிறகு பேரன் காசு கொடுத்து அனுப்பிவிட்டான். பெண் இரண்டு மணிக்குத் தூங்கிப்போனார். மாமி தூங்கவில்லை. பாக்கெட் கலக்கிய பாத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாய்க்குள் எண்ணிக்கொண்டே ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றிக்கொண்டிருந்தார். எத்தனை என்று காலையில் கேட்டதற்கு, நானூற்றுப் பன்னிரண்டு என்று சொன்னார். இரண்டு முறை வாந்தியில் போனதையும் கழித்துச் சொன்ன கணக்கு.

ஐந்தரை மணிக்கு மடியில் சூடாக ஏதோ பரவியது. மாமி விளக்கைப் போட்டுப் பார்த்தார். மலம் இல்லை. புடவையில் பெரிதாக ஓர் ஈரவட்டம். பெண்ணை எழுப்பி, "மூத்திரம் போயிட்டான், பார்" என்று காட்டினார்.

புடவையை மாற்றிக்கொள்ளுங்கள் பாட்டி, ஜலதோஷம் பிடிக்கும் என்றார் பெண்.

"இருக்கட்டும், சித்த நாழி" என்று மாமி அப்படியே உட்கார்ந்திருந்தார்.